அண்ணன் கொண்டுவந்த தடுப்பூசி

எனக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அந்தப் பொறுப்பை அண்ணன் எடுத்துக்கொண்டார். யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பொறுப்பை யாரும் கொடுக்கத் தேவையில்லை. கையில் கார் சாவி இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்துகொள்ளும்.

அண்ணன் பொள்ளாச்சிக்குத் தெற்கே பிராய்லர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். தென்னந்தோப்புக்கு நடுவில் நீளநீளமாக இரண்டு கொட்டகைகள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும், வளர்த்துத் திருப்பிக் கொடுப்பது அண்ணன் வேலை. குஞ்சு வந்து இறங்கிய முதல் வாரத்தில் ஒவ்வொன்றையும் கையில் பிடித்துக் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட வேண்டும். பிறகு குடிதண்ணீரில் பால் பவுடர் கரைத்து அதில் இன்னொரு மருந்து. ஆகவே தடுப்பூசியைப் பற்றி அண்ணனுக்குத் தெரியாதது என்று இந்த உலகத்தில் எதுவும் கிடையாது. கொரோனா காலத்தில் ஊசிக்குப் பயந்தவர்களையெல்லாம் பால் சொசைட்டி வாசலில் நிறுத்திவைத்து வகுப்பெடுத்தவர் அவர். “கோழியே தாங்குதுங்க, மனுசன் தாங்க மாட்டானுங்களா?” என்பதுதான் பாடத்தின் சாரம்.

நான் துடியலூரில் தனியாகக் குடியிருக்கிறேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் மோட்டார் பம்ப் உதிரிபாகம் விற்கும் கடையில் பில் போடுகிறேன். எனக்கு எச்ஐவி இருக்கிறது. இதை முதல்முறை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வருடக்கணக்கில் ஆயிற்று. இப்போதெல்லாம் சைனஸ் இருப்பவர்கள் அதைச் சொல்வதைவிட வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாதகம் பார்த்து, பொருத்தம் பார்த்து, தோட்டத்தில் எத்தனை கிணறு என்பதுவரை பார்த்துத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ரத்தத்தைப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. கணவர் இறந்தபோதுதான் அவர் எதனால் இறந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. நானும் பரிசோதித்துக்கொண்டேன். மாமனார் வீட்டார் என்னுடன் வந்த பித்தளைப் பாத்திரங்களைக்கூட ஒன்று விடாமல் துலக்கித் திருப்பி அனுப்பினார்கள். மரியாதை தெரிந்த குடும்பம்.

தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து பல வருடமாகிறது. இப்படி இருப்பவரிடமிருந்து உறவின் வழியாக யாருக்கும் இது பரவாது என்று டாக்டர் எனக்கும் சொல்லியிருக்கிறார், அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தும் சொல்லியிருக்கிறார். அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அண்ணன் வீட்டுக்குப் போனால் எனக்கென்று ஒரு சில்வர் டம்ளர் தனியாக வரும். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். “உனக்குன்னே வாங்குனது அம்மணி” என்று நங்கை அதை அன்பாக நீட்டும்போது கோபப்படக்கூட முடியாது. அந்த வீட்டில் என் நோய்க்குப் பெயரும் கிடையாது, ‘அது’ என்றுதான் சொல்வார்கள்.

இந்த லட்சணத்தில் நான் இரண்டாவது கல்யாணத்துக்கு ஆசைப்பட்டேன்.

அவர் பெருந்துறைக்காரர். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் எலக்ட்ரீஷியன். எச்ஐவி மாத்திரை வாங்கக் கோயமுத்தூருக்கு வருவார். எங்கள் ஆட்களில் சொந்த ஊரில் மாத்திரை வாங்குகிறவர்கள் குறைவு. பெருந்துறைக்காரர் கோவைக்கு வருவார், கோவைக்காரர் ஈரோட்டுக்குப் போவார். பஸ் முதலாளிகள் எங்களுக்கு ஒரு விழா எடுத்துப் பொன்னாடை போர்த்தலாம். வரிசையில் நிற்கும்போது ஒருவரை ஒருவர் பார்த்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டோம். அவர் மட்டும் பார்த்துவிட்டார். “ஏனுங்க, உங்க டோக்கன் கீழ உழுந்துருச்சுங்க” என்று எடுத்துக் கொடுத்தார். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பேக்கரியில் டீ. அதற்கடுத்த மாதம் டீயும் தேங்காய் பன்னும்.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டது நான்தான். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தனக்கு எச்ஐவியோடு இன்னொன்றும் இருக்கிறது என்றார். கல்லீரலைத் தாக்குகிற மஞ்சள் காமாலை வைரஸ், பி வகை. ரத்தத்திலேயே தங்கியிருக்கும். அவர் மனைவி கல்லீரல் கெட்டு இறந்தவர்.

“என்கிட்ட இருந்துதானுங்க அவளுக்குப் போச்சு,” என்றார். “மறுக்கா ஒருத்தருக்குக் குடுக்க மாட்டேனுங்க.”

யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எந்த டாக்டரும் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே தீர்ப்பெழுதி, அவராகவே தண்டனையும் அனுபவித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். நாங்கள் சாப்பிடும் மாத்திரையே அந்த இரண்டாவது வைரஸையும் அடக்கிவைக்கும், அதனால் கல்யாணத்துக்குத் தான் தடை சொல்லப்போவதில்லை என்று அவர் சொன்னார். எனக்கு ஒரு தடுப்பூசியும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது என்றார். பெருந்துறைக்காரர் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“ஊசி போட்டா வராதுங்களா டாக்டர்?”

“ஊசி போட்டா மட்டும் பத்தாது. அதைப் பாத்து இவங்க உடம்பு கிருமியை எதிர்க்கிற ஆன்டிபாடி செய்யணும். செஞ்சிருக்கான்னு ரத்தத்துல பாத்துக்கலாம். எச்ஐவி இருக்குறவங்க உடம்பு இந்த விஷயத்துல கொஞ்சம் மந்தம். சிலருக்கு நல்லா வரும், சிலருக்கு வரவே வராது. அதனாலதான் ஒரு தடவைக்கு ரெண்டு பங்கு மருந்து போடுறோம். ஆப்பிரிக்காவுல மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்திருக்கே, அதுலயும் இதே கேள்விதான். எச்ஐவி இருக்குற உடம்பு எவ்வளவு ஆன்டிபாடி செய்யும், எத்தனை நாளைக்கு நிக்கும்னு.”

உலகம் முழுக்க எங்கள் ரத்தத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு எச்ஐவி இருப்பதைக் கண்டுபிடித்த பரிசோதனையும் ஆன்டிபாடியைப் பார்ப்பதுதான். என்னைக் கெடுக்க வந்த கிருமிக்கு என் உடம்பு விழுந்து விழுந்து ஆன்டிபாடி செய்திருந்தது. அதனால் காசுக்குப் பிரயோஜனமில்லை, எனக்கு நோய் இருக்கிறது என்று ஊருக்குச் சாட்சி சொன்னதுதான் மிச்சம். உதவிக்கு வருகிற ஊசிக்குச் செய்யுமா என்பதுதான் இப்போது கேள்வி.

“ஆன்டிபாடி வந்துருச்சுன்னு டாக்டர் சொல்லட்டுங்க,” என்றார் அவர். “அப்பறம் தேதி பாத்துக்கலாமுங்க.”

நல்ல நேரம் பார்த்துக் கல்யாணத்துக்கு நாள் குறிப்பார்கள். எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடம் நாள் குறிக்க வேண்டியிருந்தது.

அண்ணன் மாப்பிள்ளை பார்க்க வந்தார். அதே பேக்கரி. உட்கார்ந்ததும் முதல் கேள்வி, “நீங்க எந்தக் கூட்டமுங்க?” எங்கள் ஆட்களில் ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை, கட்டிக்கொள்ள முடியாது. வேறு கூட்டம் என்று தெரிந்ததும் அண்ணன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு வைரஸ், தங்கைக்கு ஒன்று, எல்லாம் சரி, கூட்டம் மட்டும் ஒன்றாகிவிடக்கூடாது. பிறகு தடுப்பூசி விஷயத்தைச் சொன்னோம். தடுப்பூசி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஊசியை ஆஸ்பத்திரியிலேயே போடுவதாகத்தான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. “எந்தங்கச்சி எதுக்குங்க அங்க போயி நாலுதரம் நிக்கோணும்? ஊர்க்காரன் எவனாச்சும் பாத்துப்போட்டான்னா? நான் மருந்து வாங்கியாறேன், நான் கொண்டாறேன். துடியலூர்ல நம்மள யாருக்குங்க தெரியும், அங்க ஒரு கிளினிக்குல போட்டுக்கலாம்.” அவர் பேசியதில் அக்கறையும் இருந்தது, மானமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாதபடி இரண்டும் கலந்திருக்கும். அவர் குஞ்சுக்குக் கொடுக்கும் பால் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும்.

பொள்ளாச்சியில் மொத்தத்துக்கும் மருந்து வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஊசிக்கும் முதல்நாள் போன் வரும். “நாளைக்கு வாரேன் கண்ணு.” மறுநாள் காலையில் கார் வந்து நிற்கும். பின்சீட்டில் சீட் பெல்ட் போட்டு ஒரு தெர்மாகோல் பெட்டி உட்கார்ந்திருக்கும். அண்ணன் தனக்கே சீட் பெல்ட் போட்டு நான் பார்த்ததில்லை. பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் என் மருந்து. கிளினிக் வாசலில் காரை நிறுத்திவிட்டு மருந்துக் குப்பிகளை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். சாமி கும்பிடுகிறாரோ என்று முதல்முறை நினைத்தேன்.

“உள்ளங்கைச் சூட்டுல பதமா எளக்கோணும் கண்ணு. சுடுதண்ணி, வெயிலு, ஒண்ணும் ஆகாது. கோளிக்கும் இப்பிடித்தான்.”

நர்ஸிடம் நீட்டும்போது மருந்து குளுகுளுவென்று இருக்கும். “பெட்டியில வெச்சுக் கொண்டாந்தீங்களா?” என்று அந்தப் பெண் கேட்கும். “ஆமாங்க அம்மணி, பெட்டிதானுங்க” என்று அண்ணன் அடக்கமாகச் சொல்வார். பரிசு வாங்கியவர்கள் மேடையில் நின்று சொல்கிற அடக்கம் அது.

இந்த அக்கறைக்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு ஒரு கோடையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போய், ஃப்ரிட்ஜில் இருந்த கோழி மருந்து சூடேறிக் கெட்டுவிட்டது. அது தெரியாமல் அண்ணன் அதையே குஞ்சுகளுக்கு விட்டார். பிறகு வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழிக் கொள்ளைநோய் வந்து கொட்டகையே காலியானது. காலையில் கூடையில் அள்ளி அள்ளிக் குழியில் போட்டதை இன்றைக்கும் சொல்வார். அன்றிலிருந்து அவருக்குச் சூடு என்றால் சத்துரு.

நங்கையும் தன் பங்கைச் செய்தது. ஊசி போட்டால் பத்தியமாம். கோழி கூடாது, முட்டை கூடாது, கத்தரிக்காய் கூடாது. கோழிப்பண்ணைக்காரர் தங்கை கோழி தின்னாமல் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டு ஊசிக்கு விசுவாசமாக இருந்தேன்.

எல்லா ஊசியும் முடிந்து, டாக்டரம்மா சொன்ன இடைவெளி விட்டு, ரத்தம் கொடுத்தேன். பத்துக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று கணக்கு. எனக்கு வந்தது ஒன்றுமில்லை என்கிற அளவு. இந்தக் கருவியால் இதற்குக் கீழே அளக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கில்கூட நான் அவ்வளவு குறைவாக வாங்கியதில்லை.

அப்புறம் ஆளுக்கொரு விளக்கம். உடம்பில் சத்தில்லை என்று அண்ணன் முட்டை முட்டையாக அனுப்பினார். மூன்றாவது ஊசி அன்றைக்கு நான் பேக்கரியில் முட்டை பப்ஸ் தின்றதை நான்தான் வாய் தவறி உளறியிருந்தேன், நங்கை அதைப் பிடித்துக்கொண்டது. நானோ மாத்திரை தவறிய நாள் எதுவும் உண்டா என்று பழைய மாதங்களையெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது சமையலறையிலிருந்து இரண்டு பேர் பேசுவது கேட்டது. “அது இருக்கற ஒடம்புக்கு என்னத்தப் போட்டு என்ன பண்றது,” என்றார் அண்ணன். “கெட்டுப்போன ஒடம்பு. எதுவும் புடிக்காது.”

அவர் குரலில் வெறுப்பு இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதனால்தான் அவ்வளவு வலித்தது. வெறுப்பாக இருந்திருந்தால் உள்ளே போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். நான் பேசாமல் கிளம்பி பஸ் ஏறிவிட்டேன்.

பெருந்துறைக்காரருக்கு நானே போன் செய்து சொன்னேன்.

“வேண்டாமுங்க,” என்றார். “உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க. நீங்க நல்லா இருக்கோணுங்க. அதானுங்க எனக்கு வேணும்.”

எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள். ஒரே மூச்சில் நான்கு ‘ங்க’ வந்தால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை பில் மெஷின் மேல் போட்டு அதன் மூலை தெறித்துவிட்டது. மெஷினுடைய மூலை. என் போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளிக்குக் கை தவறிவிட்டது என்று சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா வரச்சொன்னார். சிலருக்கு முதல் சுற்றில் வராது, இன்னொரு சுற்று போட்டுப் பார்ப்பது வழக்கம்தான், இதில் அவமானப்பட ஒன்றுமில்லை என்றார். அண்ணனும் கூட வந்திருந்தார். பழைய அறிக்கைகளைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா கேள்வி கேட்டார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டேனா, நடுவில் காய்ச்சல் வந்ததா, ஊசியைக் கையில்தானே போட்டார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னேன்.

“வைரஸும் அடங்கியிருக்கு, எதிர்ப்புச் சக்தியும் நல்லாத்தான் இருக்கு,” என்றார். “இந்த அளவுக்கு ஒண்ணுமே வராம இருக்குறதுதான் எனக்கு ஆச்சரியம். மருந்தை எங்க வெச்சிருந்தீங்க? கூலிங் விட்டுப்போச்சா?”

அண்ணனுக்குச் சுருக்கென்றது. அவர் தொழிலைப் பற்றிய கேள்வி அது.

“கூலிங் உடறதுங்களா? நானுங்களா?” என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “டாக்டரம்மா, சும்மா ஃப்ரிட்ஜுன்னு நெனச்சுப்போடாதீங்க. மேல ஃப்ரீசர்லதானுங்க வெச்சிருந்தேன். கல்லாட்ட இருக்குமுங்க. பொள்ளாச்சியில இருந்து இங்க வந்து சேர்ற வரைக்கும் உருகாதுங்க. வந்துதான் கையில வெச்சு எளக்குவேன். கோளி மருந்தையே அப்பிடிக் கொண்டாறவனுங்க நானு. எந்தங்கச்சி மருந்த உட்டுருவனுங்களா?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அண்ணனையே பார்த்தார். அண்ணன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

“அய்யா,” என்றார் டாக்டரம்மா, “கோழிக்குப் போடுறது காஞ்ச பொடி. உறைஞ்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. இது தண்ணி மருந்து. சூட்டுல கெடுறதைவிட ஐஸுல சீக்கிரம் கெடும். ஒரு தடவை உறைஞ்சாலே அவ்வளவுதான். மறுபடி இளக்கினா பாக்குறதுக்கு மருந்து மாதிரியேதான் இருக்கும். ஆனா அதுல வேலை செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

“எல்லா ஊசியுமுங்களா?”

“எல்லாமே ஃப்ரீசர்லதானே இருந்துச்சு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. சீட் பெல்ட் போட்டு, கண்ணை மூடி, உள்ளங்கையில் பொத்தி, ரசம் சோறு தின்று, அத்தனை பக்தியோடு என் கையில் ஏற்றியது வெறும் தண்ணீரை. அதற்கு ஆன்டிபாடி செய்யவில்லை என்று என் உடம்புக்குப் பூஜ்யம் போட்டு, கெட்டுப்போன உடம்பு என்று பட்டமும் கொடுத்து, கல்யாணத்தையும் நிறுத்தியாகிவிட்டது. தண்ணீரைத் தண்ணீர் என்று தெரிந்துகொண்டு பேசாமல் இருந்த ஒரே ஆள் என் உடம்புதான். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. டாக்டரம்மா டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார்.

அண்ணன் காரில்தான் திரும்பினோம். வழக்கமாக எதிரில் வருகிற எல்லா வண்டிக்காரர்களையும் திருத்திக்கொண்டே ஓட்டுகிறவர், அன்றைக்குக் குறுக்கே வந்த ஆட்டோவைக்கூடத் திட்டவில்லை. துடியலூரில் என்னை இறக்கிவிட்டார். மேலே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அதன்பிறகு போனும் இல்லை. நான் கூப்பிட்டால் நங்கைதான் எடுக்கும். “அவரு கொட்டாயில இருக்கறாரு அம்மணி.” எந்த நேரத்துக்குக் கூப்பிட்டாலும் கொட்டகையில்தான் இருந்தார். துடியலூர்ப் பக்கம் வருகிற தெரிந்த வேன்காரர்கள் கையில் மட்டும் இளநீர்க் குலை வந்து இறங்கும். எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற வழி அதுதான். அந்த வருடம் எங்கள் மாடி வீடுகள் அத்தனையும் இளநீர் குடித்தன.

இரண்டாவது சுற்றை நான் ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொண்டேன். யாரும் கூட வரவில்லை. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று கடையில் அரைநாள் சொல்லிவிட்டுப் போவேன். அங்கிருந்த நர்ஸுக்கு எப்படியோ கதை தெரிந்திருந்தது. “ஏனுங்கக்கா, ஃப்ரிட்ஜைத் தொறந்து காட்டட்டுங்களா, ஐஸ் கட்டியிருக்கான்னு பாத்துக்கறீங்களா?” என்று கிண்டல் செய்வாள். காட்டச் சொல்லிப் பார்த்தேன். எல்லா முறையும் பார்த்தேன்.

பெருந்துறைக்காரருக்கு நான் போன் செய்யவில்லை. தவறு ஊசியில்தான் நேர்ந்தது, என் உடம்பில் குற்றமில்லை, ஆகவே தயவுசெய்து மறுபரிசீலனை செய்யவும் என்று மனுப்போட என்னால் முடியாது. என் உடம்பில் ஒரு நம்பர் இல்லை என்பதற்காக வேண்டாம் என்றவர் அவர். நம்பர் வந்தால் வேண்டும் என்பாராக்கும். அப்படிப்பட்டவர் எனக்கு எதற்கு என்று பகலெல்லாம் கேட்டுக்கொள்வேன். சாயங்காலம் கடை சாத்தும்போது அந்தக் கேள்வியின் வேகம் குறைந்துவிடும். அவர் நினைப்பு வரும். வருகிறது என்பதே எரிச்சலாக இருக்கும்.

கடைசி ஊசி போட்டு, ரத்தம் கொடுக்கும் நாளுக்குக் காத்திருந்தபோது ஒரு மத்தியானம் அவரே கூப்பிட்டார். சோற்று டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். மூடிவிட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த குடோனுக்குப் போனேன்.

“உங்க அண்ணன் வந்திருந்தாருங்க,” என்றார்.

நேற்று ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது ஆலை கேட்டுக்கு வெளியே அண்ணன் நின்றுகொண்டிருந்தாராம். காலையிலிருந்தே நிற்பதாக வாட்ச்மேன் சொன்னாராம். உள்ளே வந்து உட்காருங்கள் என்றதற்கு வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டாராம்.

“என்ன சொன்னாரு?”

“ஃப்ரீசர்ல வெச்சத எல்லாஞ் சொன்னாருங்க. சொல்லிப்போட்டு... சுத்தி ஆளுக போயிட்டு வந்துட்டு இருந்தாங்க. நாந்தான் அக்கட்டால போயிப் பேசலாமுங்கன்னேன். அவரு கேக்கல. நின்ன எடத்துலயே சத்தமாத்தானுங்க சொன்னாரு. ‘எந்தங்கச்சிக்கு எச்ஐவி இருக்குதுங்க. அது அவ பண்ணுன தப்பில்லீங்க, நாங்க பாத்துக் கட்டிவெச்ச எடத்துல வந்தது. ஊசி புடிக்காம போனதும் அவ ஒடம்புனால இல்லீங்க, நான் மருந்தைக் கெடுத்துப்போட்டேன். ரெண்டு தரமும் அவ வாழ்க்கையக் கெடுத்தது நானுங்க. அவள வேண்டாங்காதீங்க.’ இப்பிடிச் சொல்லிப்போட்டு எங்கையப் புடிச்சுட்டாருங்க.”

நான் சுவரோரம் அடுக்கியிருந்த பம்ப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அண்ணன் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. சொந்த வீட்டுச் சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டுகூட வந்ததில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று என்னை ஆஸ்பத்திரியில் ஊசி போடவிடாதவர், யாரோ ஒருவருடைய ஆலை வாசலில் நின்று அதைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறார்.

“நானும் தப்புப் பண்ணிப்போட்டேனுங்க,” என்றார் போனில். “செத்தவளுக்குப் பயந்துட்டு உங்களை உட்டுப்போட்டேன். டாக்டரம்மாகிட்டயும் போயிப் பேசுனேன். டெஸ்ட் எப்பிடி வந்தாலும் சரிங்க. உங்களுக்குச் சம்மதம்னா தேதி பாக்கலாமுங்க.”

இதைக் கேட்டு நான் உருகிப்போனேன் என்று எழுத ஆசைதான். உருகினேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாயில் வந்தது வேறு.

“ரிசல்ட் வரட்டுங்க,” என்றேன். “உங்களுக்காக இல்லைங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்.”

ரிசல்ட் வாங்குகிற அன்றைக்கு அவர் பெருந்துறையிலிருந்து வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதும் இரண்டு பேரும் உள்ளே போனோம். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். பத்து வேண்டிய இடத்தில் நூறையும் தாண்டி வந்திருந்தது. வருஷம் போகப் போகக் குறையும், அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும், குறைந்தால் இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பெருந்துறைக்காரர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வைதான் என்றார். அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். அதிசயமாக அவரே எடுத்தார். பின்னால் கொட்டகைக் குஞ்சுகளின் சத்தம்.

“வந்துருச்சுண்ணா. நூறுக்கு மேல.”

குஞ்சுகளின் சத்தம் மெல்ல விலகிப்போனது. லைன் விட்டுப்போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். விட்டுப்போகவில்லை.

“அப்ப உன்ற ஒடம்பு நல்லாத்தான் கண்ணு இருந்துருக்குது,” என்றார் அண்ணன். “இத்தன வருசமா நாந்தான் கெட்டுப்போச்சுன்னு...”

இதற்குச் சுருக்கென்று ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். “ஆமாண்ணா, நல்லாத்தான் இருந்துச்சு” என்பதற்குமேல் எனக்கும் எதுவும் வரவில்லை.